உப்பில்லாக் கட்டுரை

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சமையலறைக்காகச் சொல்லப்பட்ட இம்மொழி, தமிழ்க் கட்டுரை நோட்டுக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டுதான் நான் அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட விதம் சற்று வெட்கத்துக்குரியது. ஆயினும் என் பின்னால் வரும் தங்கையருக்குப் பயன்படுமே என்ற எண்ணத்தில் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் தமிழாசிரியையான அருட்சகோதரி கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதினார்: 'நான் கண்டு மகிழ்ந்த ஓரிடம்'. "வருணனைக் கட்டுரை. இரண்டு பக்கம் போதும். திங்கட்கிழமை மேசைக்கு வந்துவிட வேண்டும்" என்றார்.

வருணனை என்றால் எங்கள் வகுப்பில் யாருக்கும் பயமில்லை. அதற்கென்றே சில சொற்களை ஆறாம் வகுப்பிலிருந்து சேமித்து வைத்திருக்கிறோம். கதிரவன் என்றால் 'பொற்கதிர்களைப் பரப்பி' வருவான். நிலவு 'பால்போல்' பொழியும். மலை 'வானளாவி' நிற்கும். அருவி 'வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல்' வீழும். இவற்றைப் பூத்தொடுப்பது போல் தொடுத்து, இறுதியில் 'என்னே இயற்கையின் எழில்!' என்று ஒரு முடிச்சுப் போட்டால் கட்டுரை ஆயிற்று.

நான் எழுதியது கோடைக்கானலைப் பற்றி. கோடை விடுமுறையில் அங்கே சென்று வந்ததாக என் பெஞ்சுத் தோழி ஒரு வாரமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நூலகத்தில் ஒரு சுற்றுலாக் கையேடும் கிடைத்தது. ஏரி 1863-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது, அது நட்சத்திர வடிவில் இருக்கும், ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் உள்ளது என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். 'சென்ற மே மாதம் நான் என் பெற்றோருடன் கோடைக்கானல் சென்றேன்' என்று தொடங்கினேன். மலைச்சரிவெங்கும் குறிஞ்சி மலர்கள் நீலக் கம்பளம் விரித்தாற்போல் பூத்திருந்தன என்று எழுதியபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

நான் கோடைக்கானலுக்குப் போனதே இல்லை. மதுரைக்கு அப்பால் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கொடுத்த நோட்டு புதன்கிழமை திரும்பியது. மதிப்பெண் இல்லை. சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: 'மதிய உணவுக்குப் பின் கெபியருகே வந்து என்னைப் பார்.'

லூர்து மாதா கெபிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் சிஸ்டர் அமர்ந்திருந்தார். நோட்டைத் திறந்து, "குறிஞ்சி பூத்திருந்ததைப் பார்த்தாயா, மகளே?" என்றார்.

"பார்த்தேன், சிஸ்டர்."

"மே மாதத்திலா?"

"ஆமாம், சிஸ்டர்."

"நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் மலைமுழுதும் பூக்கும். அதுவும் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில். கோடைக்கானல் மலையில் கடைசியாகப் பூத்தது 2018-இல். இனி 2030-இல் பூக்க வேண்டும்" என்று மெல்லச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அழவைத்தது.

அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "தினமும் எந்த வழியாகப் பள்ளிக்கு வருகிறாய்?" என்று கேட்டார்.

"உப்பளத்து வழியாக, சிஸ்டர்."

"அங்கே யாரையாவது தெரியுமா?"

சற்று நேரம் பேசாமல் நின்றேன். பிறகு, "எங்கள் அம்மா அங்கேதான் உப்பு வாருகிறார்கள்" என்றேன். ஐந்தாண்டுகளாக இப்பள்ளியில் படித்தும் அன்றுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.

சிஸ்டர் என் நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்து ஐந்து கோடுகள் போட்டார். தோல், நாக்கு, மூக்கு, கண், காது என்று தலைப்பிட்டார். "எல்லாரும் கண்ணிலிருந்து தொடங்குவார்கள். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் அறிவை அடுக்கும்போது தொடுவதைத்தான் முதலில் வைத்தார். அப்புறம் சுவை, அப்புறம் நாற்றம். கண்ணுக்கு நான்காம் இடம், செவிக்கு ஐந்தாம் இடம். மனம் ஆறாவது. நீயும் அந்த வரிசையிலேயே போ. மனத்துக்குக் கட்டம் போடவில்லை. இந்த ஐந்தும் நிறைந்தால் அது தானே நிறையும்" என்றார்.

பின்பு இன்னொன்றும் சொன்னார். "நம் ஆண்டவர் விண்ணரசைப் பற்றிச் சொல்ல வந்தபோது எதையெல்லாம் எடுத்தார் என்று யோசித்துப் பார். கடுகு, புளிப்பு மாவு, மீன் வலை. சீடர்களை உப்புக்கு ஒப்பிட்டார். எல்லாம் கேட்பவர்கள் கையால் தொட்ட பொருள்கள். பெத்தானியாவில் மரியா தைலம் பூசியதை எழுதும் யோவான், வீடு முழுதும் அதன் மணம் நிறைந்ததையும் மறக்காமல் எழுதுகிறார். அங்கே இருந்தவருக்குத்தான் அது தெரியும்."

இறுதியாக ஒரு கட்டளை: "கட்டுரையில் 'அழகு' என்ற சொல் ஒரு முறைகூட வரக்கூடாது. போய் வா."

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவோடு புறப்பட்டேன். "நீ எதுக்குளா வாரே? தூங்கு" என்று அம்மா முதலில் மறுத்தார். கட்டுரைக்கு என்றதும், "உப்பளத்துல என்ன கட்டுரை இருக்கு?" என்று சிரித்தார்.

தினமும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்த இடந்தான். ஆனால் வரப்பில் இறங்கி நின்றபோது, நான் அதுவரை அதைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. அன்று என் ஐந்து கட்டங்களிலும் எழுதியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் தோல். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் கால் வைத்தேன். விடியற்காலையின் குளிர்ந்த காற்றில் நீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. முந்தைய நாள் வெயிலை அது இரவெல்லாம் விடாமல் பிடித்து வைத்திருந்தது. அடியில் படிந்த உப்பு, உடைத்த கண்ணாடிபோல் பாதத்தைக் குத்தியது. விரலிடுக்கில் எனக்குத் தெரியாமலே இருந்த ஒரு சிறு கீறலை அந்த நீர் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டது! அம்மா நீரை இரு விரல்களால் தேய்த்துப் பார்த்து, "இது முத்திட்டு, எண்ணெய் மாதிரி வழுக்குது பாரு" என்றார். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி இருக்கும். வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு விளையும் என்று கணக்கப்பிள்ளை மானியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார். அம்மாவுக்கு அது விரலிலேயே தெரிகிறது.

அடுத்து நாக்கு. பேசாமல் நின்றாலும் உதட்டில் உப்பு வந்து உட்காருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருப்பதாக அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அவை அத்தனையும் சோற்றுப்புக்கு உரிய உப்பல்ல. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் நீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு, பிறகு வேப்பங்கொழுந்தையும் மிஞ்சும் கசப்பு! அது மக்னீசியத்தின் சுவை. நான் முகம் சுளித்ததைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது மூக்கு. 'உப்பின் மணம் காற்றில் தவழ்ந்தது' என்று எழுதத் தொடங்கியிருந்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, "உப்புக்கு ஏதுளா வாசம்? அம்பாரத்துல மூக்கை வச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தேன். உண்மைதான், ஒன்றுமில்லை. வாசனை சேற்றினுடையது. வரப்பு ஓரத்தில் காலால் கிளறினால் கரிய சேறு அழுகிய முட்டைபோல் நாறியது. அந்த ஒரு வரியை அடித்தபோது, கோடைக்கானல் கட்டுரை முழுதும் இப்படித்தானே அடிபட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது கண். இருட்டு விலகும்முன் பாத்திகளில் விண்மீன்கள் கிடந்தன. வெளுத்ததும் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறம் காட்டியது. இளநீர் வழுக்கை நிறத்தில் ஒன்று, மண்நிறத்தில் ஒன்று, முற்றிய பாத்தி மட்டும் நீர் கலந்த செம்பருத்திச் சாறுபோல் இளஞ்சிவப்பு. மிகுந்த உப்பில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களால் வரும் நிறம் அது. நீரின் மேற்பரப்பில் மெல்லிய ஏடு கட்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து அமிழ்ந்தது. நெடுங்கால் உள்ளான்கள் தம் சிவந்த கால்களை எண்ணி எண்ணி வைப்பதுபோல் நடந்தன. எட்டு மணிக்கு மேல் இந்தக் கட்டத்தில் என்னால் எழுத முடியவில்லை. வெயில் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் அடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டுதான் எதையும் பார்க்க முடிந்தது. அம்மா ஏன் வீட்டுக்குள் நுழைந்ததும் சிறிது நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஐந்தாவது காது. பலகையால் உப்பை வாரும்போது எழும் 'கர்ர்' என்ற ஒலி, ஈர உப்பு கூடையில் விழும் 'தொப்' என்ற ஒலி, தொலைவில் நீரிறைக்கும் மோட்டாரின் விடாத முனகல். சுமை தூக்கும்முன் ஒவ்வொருத்தியும் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு முறை மூச்சை இழுத்தாள். அந்த மூச்சின் ஒலிதான் என் காதில் இன்றும் நிற்கிறது. அந்தக் கூடையில் ஒன்றை நானும் தூக்க முயன்றேன். இடுப்புவரை வந்தது. தலைக்கு ஏறவில்லை.

வீடு திரும்பும் வழியில் மேகம் கொஞ்சம் கறுத்தது. நான் மகிழ்ச்சியோடு, "மழை வரும்போல் இருக்கிறதே!" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. உப்பளத்தில் ஒரு மழை என்றால் விளைந்து நிற்கும் பாத்தி கரைந்து போகும். ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வேலையே இராது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையை எங்கள் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பாத்தியும் வரப்பும் ஒன்றாகி, சேர்த்து வைத்த உப்பும் வெள்ளத்தோடு போயிற்று. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை இல்லை. தகரக் கூரையில் விழும் மழையின் ஒலியை நான் எத்தனையோ கட்டுரைகளில் 'இன்னிசை' என்று எழுதியிருக்கிறேன். அதே கூரையின்கீழ் அதே ஒலியைக் கேட்டபடி அம்மா விழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஒரே ஓசைதான். கேட்கும் காதுக்கு ஏற்ப அதன் பொருள் மாறிவிடுகிறது. சிஸ்டர் கட்டம் போடாமல் விட்ட ஆறாவது அறிவு இதுதானோ என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து எழுத உட்கார்ந்தேன். கட்டங்களில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே இறக்கி வைத்தபோது, கட்டுரை சந்தைக்குப் போட்ட பட்டியல்போல் இருந்தது. நீக்கத் தொடங்கினேன். இருட்டிலிருந்து வெயில்வரை என்று காலத்தை நூலாகக் கொண்டேன். எந்த நேரத்தில் எந்தப் புலன் முந்திக்கொண்டு பேசியதோ, அதற்கு மட்டும் இடம் கொடுத்தேன். 'மிகவும்', 'மிக்க', 'எண்ணற்ற' ஆகியவற்றை அடித்தேன். உவமை தேடும்போது, வீட்டிலும் தெருவிலும் நான் கண்ட பொருளுக்குள்ளேயே தேடினேன். இரவு பத்து மணிக்கு இரண்டு பக்கம் தேறியது.

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு திருத்தம் சொன்னார். ஒரிடத்தில், "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. அத்தனை ஆண்டு உப்பு என் தாயின் உடம்பில் செய்து வைத்திருந்த ஒன்றைப் பற்றியது. அதை எழுத நான் மிகவும் உற்றுப் பார்த்திருந்தேன். கட்டுரையிலேயே சிறந்த வரி அதுதான் என்று நம்பியிருந்தேன்.

அதைப் படித்ததும் அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "இதை எல்லாரும் படிப்பாங்களா?" என்று கேட்டார்.

"சிஸ்டர் படிப்பார்கள். நன்றாக இருந்தால் வகுப்பிலும் படிக்கச் சொல்வார்கள்."

"அது மட்டும் வேண்டாம் பிள்ள. அது எனக்கும் உப்புக்கும் உள்ளது. எழுதணும்னா என் கையைப் பத்தி எழுது. கைக்கு வேலை தெரியும்."

அந்த வரியை அடித்தேன். அடிக்கும்போது மனம் வலித்தது உண்மை. உண்மையை எழுது என்றுதானே சிஸ்டர் சொன்னார்? இதுவும் உண்மைதானே? நெடுநேரம் தூக்கம் வரவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது ஒரு பிழை. பார்த்தது அனைத்தும் என்னுடையது என்று எண்ணிக்கொள்வதும் ஒரு பிழைதான் என்று அன்றிரவு எனக்குப் பட்டது. அந்த வரி எதைப் பற்றியது என்பதை இங்கேயும் நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக, நீரை இரு விரலால் தேய்த்து 'முத்திட்டு' என்று சொல்லும் அம்மாவின் கையை எழுதினேன்.

திங்கட்கிழமை கட்டுரையைச் சிஸ்டரிடம் கொடுத்து, அடித்த வரியைப் பற்றியும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. மதிப்பெண் 25-க்கு 19. ஒற்றுப்பிழைகள் ஆறு என்று சிவப்பு மையில் எண்ணிப் போட்டிருந்தார்! கோடைக்கானலைப் பற்றிக் கேட்டபோது அவருக்குக் கொடுத்த பொய்க்கு நான் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற்றுக்கொண்டேன்.

கட்டுரையை வகுப்பில் படிக்கச் சொன்னார். முதல் பத்தியில் என் குரல் நடுங்கியது. 'என் தாய் உப்பு வாருகிறார்' என்ற வரி வந்தபோது நான் நிமிரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் என் பெஞ்சுத் தோழி, "உப்புக்கு உண்மையிலேயே வாசம் இல்லையா?" என்று கேட்டாள். மறுநாள் காலை வந்து, "சமையலறையில் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லாரையும் மோந்து பார்க்கச் சொன்னேன்" என்றாள்.

1930-ஆம் ஆண்டு தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பெடுத்த வரலாற்றை நாம் தேர்வுக்குப் படிக்கிறோம். சங்க காலத்து உமணர்கள் வண்டியில் உப்பேற்றி ஊரூராய்ச் சென்றதையும் படிக்கிறோம். அந்த உப்பு என் வீட்டு வாசல்வரை வந்து நின்றதை நான் காணவில்லை. கண்ணிருந்தும் காணாமல் இருந்ததற்கு வெட்கமே காரணம்.

அன்புத் தங்கையரே, உங்களுக்கும் நாளை இதே தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவார்கள். கையேட்டைத் தேடாதீர்கள். உங்கள் தந்தையின் தையல் இயந்திரம் இருக்கிறது, பாட்டியின் மீன்கூடை இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. ஐந்து கட்டம் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்குங்கள். எழுதியபின் அங்கே வாழ்பவர்க்கு ஒரு முறை படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றதை விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒரு குறை சொல்லி முடிக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்புச் சீட்டை நான் நான்கு ஆண்டுகளாக வீட்டில் கொடுத்ததே இல்லை. "அம்மாவுக்கு வேலை" என்று பள்ளியில் சொல்லிவிடுவேன். இந்த ஆகஸ்டில் வந்த சீட்டை அன்று மாலையே அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு, பனிமய மாதா திருவிழாவுக்கு உடுத்திய நீலச் சேலையில் வந்தார். எங்கள் சிஸ்டர் எழுந்து நின்று அவர் கையைத் தம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கை எப்படி இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

— பத்தாம் வகுப்பு மாணவி